வீட்டுக்குள் நுழைய முட்டுக்காடு, கரையில் நிற்கத் தோணிரேவு

பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவர் ஊர்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர் முதலில் போகவேண்டிய இடம் அந்த ஊர்களில் ஒன்றான தோணிரேவு அல்ல. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கே முதலில் போகவேண்டும். ஏரி வடக்கே, அருங்காட்சியகம் தெற்கே என்பதால் இந்த யோசனை சுற்றுவழியாகத் தோன்றும். ஆனால் ஊர் பார்க்கப் போகிறவரிடம் இரண்டு ஆவல்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இவர்கள் வீட்டுக்குள் எப்படி வாழ்கிறார்கள் என்பது ஒன்று. வெளியே என்ன தொழில் செய்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவது கரையில், எல்லோர் கண்முன்னும் நடக்கிறது. அதைப் பார்க்க வருகிறவரைப் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. முதல் ஆவலைத் தீர்த்துக்கொள்ளும் உரிமை வெளியாளுக்குக் கிடையாது. அந்த ஆவலை அதற்கென்றே திறந்து வைத்திருக்கும் வீடுகளில் தீர்த்துக்கொண்டு போனால், தோணிரேவில் அடுத்தவர் வாசலை எட்டிப் பார்க்கவேண்டிய தேவை வராது. கண்ணும் தொழில் பக்கம் திரும்பும். இந்த அத்தியாயத்தின் படிகளும் எச்சரிக்கைகளும் இந்த ஒரு காரணத்தின் மேல் அமைந்தவை.

அருங்காட்சியகத்தை நம்பலாமா?

திறந்தவெளி அருங்காட்சியகம் என்பது பழைய வீடுகளை ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, உள்ளே நடந்து பார்க்க விடுவது. ஆர்தூர் ஹசேலியஸ் 1891-ல் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ஸ்கான்சென் இந்த முறைக்கு முன்மாதிரி. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி கட்டினார் அவர். நம் பக்கத்தில் அதைச் செய்தது 1984-ல் டெபோரா தியாகராஜன் நிறுவிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன். அது முட்டுக்காட்டில் உருவாக்கிய தட்சிணசித்ரா 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வளாகத்தின் அமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கருக்கும், அவருக்குப் பின் பென்னி குரியகோஸுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளின் வீடுகள் தனித்தனிப் பிரிவுகளாக நிற்கின்றன. இடிபட இருந்த வீடுகளை வாங்கி, பிரித்து, கொண்டுவந்து, அந்தந்த ஊர் முறையில் எழுப்பியவை பல.

இடம் மாறிய வீடு உண்மையான வீடா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். அந்த வீட்டில் இப்போது யாரும் பிறப்பதில்லை, சண்டை போடுவதில்லை, அடுப்பு எரிப்பதும் இல்லை. அக்கம்பக்கத்தையும் தெருவின் சாதி ஒழுங்கையும் வீட்டோடு பெயர்த்து எடுத்துவர முடியாது. ஆனால் கதவின் உயரம், திண்ணையின் அகலம், தானியம் வைக்கும் இடம், மழைநீர் விழும் முற்றம் ஆகியவை வந்துவிடுகின்றன. இன்னொரு பக்கத்தையும் யோசிக்கவேண்டும். அந்த வீடு எடுத்துவரப்படாமல் இருந்திருந்தால் தன் ஊரிலேயே நின்றிருக்காது. மரம் மரக்கடைக்கும் ஓடு குப்பைக்கும் போயிருக்கும். ஆகவே அருங்காட்சியகத்திடம் வீட்டின் உடலைக் கேளுங்கள், உயிரைக் கேட்காதீர்கள். உயிரோடு இருப்பதைப் பார்க்கத்தான் அடுத்து ஏரிக்கரைக்குப் போகிறோம்.

இன்னொரு மறுப்பு: அங்கே இருப்பவை பெரும்பாலும் வணிகர், உழவர், நெசவாளர், குயவர் வீடுகள், மீன்பிடி ஊருக்குப் போகிறவருக்கு அவற்றால் என்ன பயன்? விருந்தாளி எதுவரை வரலாம் என்பதை ஒரு வீடு எப்படித் தன் அமைப்பிலேயே சொல்கிறது என்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம். தொழிலும் குடித்தனமும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்பதும் அங்கே புலப்படும். கரையில் நடந்துகொள்ளத் தேவையானவை இந்த இரண்டும்தான்.

முட்டுக்காட்டில்: படிப்படியாக

1. செவ்வாய்க்கிழமை விடுமுறை, அந்த நாளைத் தவிர்த்துவிட்டு, காலையில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். நுழைவுக் கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை. புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லா வீடுகளையும் பார்த்துத் தீர்ப்பதுதான் பலர் செய்யும் முதல் பிழை. நான்கு வீடுகள் போதும். மீதியை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு கடந்து போகலாம்.

2. செட்டிநாட்டு வணிகர் வீட்டில் தொடங்குங்கள். திண்ணை, முகப்பு, வளவு என்று வீடு உள்ளே போகப்போக, யார் எதுவரை வரலாம் என்பதும் மாறிக்கொண்டே போகும். வழிப்போக்கருக்குத் திண்ணை, கணக்கு வழக்குக்கு வந்தவருக்கு முகப்பு, உறவினருக்கு வளவு. ஒவ்வொரு வாசல்படியிலும் நின்று, “இதற்கு மேல் யார் போயிருப்பார்கள்?” என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டின் அழகை வியந்துவிட்டு நகர்கிறவருக்கு இது பிடிபடாது. பழவேற்காட்டில் வீடுகள் சிறியவை, படிகள் குறைவு. ஆனால் எல்லைகள் அங்கேயும் உண்டு. வெளியாள் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

3. அடுத்து காஞ்சிபுரம் நெசவாளர் வீடு. தறி வீட்டுக்குள்ளேயே இருப்பதைக் கவனியுங்கள். அங்கே வீடுதான் பட்டறை, குடும்பம்தான் பணியாட்கள். நெய்கிறவர் கையை மட்டும் பார்க்காமல் நூல் சுற்றுவது, பாவு தயாரிப்பது போன்ற துணை வேலைகளை யார் செய்திருப்பார்கள் என்று கேளுங்கள். அந்த வேலைகளில் பெரும்பகுதி பெண்கள் கையில் இருந்தது. கரையிலும் இதே கேள்வியைக் கேட்கப் போகிறீர்கள். வலை வீசுகிறவரைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் மீன் தொழிலில் பாதியைத்தான் பார்த்தவர் ஆவீர்கள்.

4. வட ஆந்திரக் கடற்கரையின் வட்ட வடிவ மண்வீட்டில் அதிக நேரம் செலவிடுங்கள். தாழ இறங்கிய கூரை, மூலைகள் இல்லாத சுவர். புயல் அடிக்கும் கரையில் காற்று பிடித்துத் தள்ளத் தட்டையான முகம் கொடுக்காத கட்டுமானம் இது. பழவேற்காடும் இதே வங்கக் கடலின் புயல் பாதையில்தான் இருக்கிறது. அங்கே இன்று நீங்கள் காணப்போவது பெரும்பாலும் கான்கிரீட் வீடுகள். “ஐயோ, பழமை போய்விட்டதே” என்று வருந்துவதற்கு முன் இந்த மண்வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றுக்கும் வெள்ளத்துக்கும் தாக்குப்பிடிக்க அந்தக் காலத்துக்காரர் கையில் கிடைத்ததைக் கொண்டு கட்டினார். இந்தக் காலத்துக்காரரும் அதையேதான் செய்கிறார்.

5. கடைசியாகக் கேரளப் பகுதியில் கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு. மரத்தாலான தானிய அறை வீட்டில் எந்த இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். நெல்லைச் சேமிக்கலாம், அதனால் நெல் வைத்திருப்பவர் வீட்டுக்கு நடுவே அதற்கென்று ஓர் அறை இருக்கிறது. மீனை அப்படிச் சேமிக்க முடியாது. பிடித்த அன்றே விற்கவேண்டும், இல்லையென்றால் ஐஸில் வைக்கவேண்டும், அல்லது கருவாடாக்க வேண்டும். ஒரு மீனவர் ஊரின் அவசரம், அதிகாலை ஏலம், முன்பணம் கொடுக்கும் வியாபாரி எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

*குறிப்பு:* வளாகத்தில் பானை வனைதல், கூடை பின்னுதல் போன்றவற்றை நேரில் செய்து காட்டுவார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் அதைத் தவறவிடாதீர்கள். களிமண்ணில் கை வைத்த குழந்தை, பிறகு கரையில் பனை ஓலை முடைகிறவரைப் பார்க்கும்போது வேகத்தையும் தேர்ச்சியையும் அடையாளம் கண்டுகொள்ளும்.

ஏரிக்குப் புறப்படும் முன்

இரண்டையும் ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். நடுவே சென்னை முழுவதையும் கடக்கவேண்டும். கரையில் பார்க்க வேண்டியதெல்லாம் காலையிலேயே நடந்து முடிந்துவிடும். வேறொரு நாள், கும்மிடிப்பூண்டி மார்க்கத்து முதல் மின்சார ரயில்களில் ஒன்றைப் பிடித்துப் பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு. சொந்த வண்டியில் போகிறவர்கள் விடியும் முன் புறப்படவேண்டும்.

ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரி நிறைந்திருக்கும், பூநாரைகளும் வந்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். கோடையில் நிழல் கிடையாது. தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள பழைய செருப்பு ஆகியவை அவசியம். சேற்றில் சிப்பி ஓடுகள் கத்திபோல் நிற்கும், வெறுங்காலோடு இறங்கக் கூடாது. ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஏரியைக் கடலிலிருந்து பிரிப்பது ராக்கெட் ஏவுதளம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவு. அது பாதுகாக்கப்பட்ட பகுதி.

கரையில்: படிப்படியாக

1. இறங்கியதும் மீன் ஏலம் நடக்கும் இடத்தை விசாரித்துப் போங்கள். ஓரமாக நின்று, வாங்குகிறவருக்கும் கூடை தூக்குகிறவருக்கும் வழிவிடுங்கள். இறால், நண்டு, மடவை, கொடுவா என்று எது எந்த விலைக்குப் போகிறது, யார் கேட்கிறார், யார் குறித்துக்கொள்கிறார் என்று கவனியுங்கள். பத்து நிமிடம் பேசாமல் பார்த்தால் யார் பிடித்தவர், யார் கடன் கொடுத்தவர், யார் சில்லறை விற்பனைக்கு எடுத்துப்போகும் பெண் என்பது ஓரளவு புலப்படும்.

2. அடுத்து தோணிரேவு. வந்த காரியத்தைத் திண்ணையில் அல்லது டீக்கடையில் இருக்கும் பெரியவரிடம் முதலில் சொல்லுங்கள். “ஐயா, ஊரைச் சுத்திப் பாக்க வந்திருக்கோம், கரைப் பக்கம் போகலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டாலே போதும். கேட்காமல் தெருவுக்குள் கேமராவோடு நடக்கும் குழுவை எந்த ஊரும் விரும்பாது. செட்டிநாட்டு வீட்டில் படிதோறும் நின்றதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் திண்ணைவரை போங்கள். உள்ளே அழைத்தாலும், சமையலறை பார்க்கவேண்டும் என்று நீங்களாகக் கேட்காதீர்கள்.

3. மணலில் விரித்திருக்கும் வலையைச் சுற்றிக்கொண்டு போங்கள், ஒருபோதும் மிதித்துக் கடக்காதீர்கள். நெசவாளருக்கு வீடு பட்டறை என்றால் இவர்களுக்குக் கரை பட்டறை. விரித்த வலையை மிதிப்பது தறியில் ஓடும் பாவின் மேல் நடப்பதற்குச் சமம். கரையை எல்லோருக்கும் பொதுவான காலி மணல் என்று நினைப்பதால்தான் வெளியூர்க்காரரும் உள்ளூர்க்காரரும் மோதிக்கொள்கிறார்கள்.

4. இந்தப் பகுதியில் பனை ஓலைப் பொருள் முடைவது பெண்களின் கைத்தொழில். யாராவது முடைந்துகொண்டிருந்தால், “அக்கா, கொஞ்சம் உக்காந்து பாக்கலாமா?” என்று கேட்டு உட்காருங்கள். நின்றபடி குனிந்து பார்க்காதீர்கள். ஓலையை எப்போது வெட்டுகிறார்கள், எப்படிக் கிழிக்கிறார்கள், ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்கலாம். வருமானம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். விற்பனைக்கு இருந்தால் சொன்ன விலைக்கு வாங்குங்கள். மணிக்கணக்கில் ஆன வேலையின் விலையைக் குறைத்துக் கேட்பது, அவர் அருகில் உட்கார்ந்து பார்த்ததற்கே அர்த்தமில்லாமல் ஆக்கிவிடும்.

5. ஆழமற்ற நீரில் உட்கார்ந்தும் தவழ்ந்தும் கையால் தடவி இறால் பிடிப்பவர்களைப் பார்க்க நேரலாம். ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். இருளர் மக்களில் பலர், பெண்களும் சேர்ந்து, இந்தத் தொழில் செய்கிறார்கள். இடுப்பளவு நனைந்த நிலையில் வேலை செய்கிறவரைப் படம் எடுக்கவே கூடாது என்பது இந்த நூலின் உறுதியான கருத்து. அனுமதி கேட்பதுகூட அவர் வேலையைக் கெடுக்கும்.

பாடு: கண்ணுக்குத் தெரியாத காட்சி

எந்த அருங்காட்சியகமும் பெயர்த்து எடுத்துவர முடியாத ஒன்று இந்த ஏரியில் இருக்கிறது. அது பாடு. ஏரியில் வலை கட்டக்கூடிய நல்ல இடங்கள் சில. அவற்றை விரும்புகிறவர்கள் பலர். ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டால் தினமும் அடிதடிதான். அதனால் ஏரியைச் சுற்றியுள்ள பட்டினவர் என்ற மீனவர் சமூகத்தின் சில ஊர்கள் தலைக்கட்டுக் கணக்கில் பெயர் எழுதி, சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த இடம், எந்த முறை என்று பிரித்துக்கொள்கின்றன. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம். சுழற்சியில் எல்லோருக்கும் நல்லதும் கெட்டதும் வந்து சேரும். அரசு அதிகாரியோ காவலரோ நடுவில் இல்லாமல், இறால் பிடிக்கும் வலைகளுக்கான இடப் பங்கீட்டை ஊரே நடத்துகிறது. பொதுச் சொத்து கவனிப்பாரின்றி அழிந்துதான் போகும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஏரி ஒரு மறுப்பு. அதனால்தான் உலகெங்கும் மீன்வளம் ஆராய்கிறவர்கள் பாடு முறையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும், ஆதி சமத்துவம் இங்கே வாழ்கிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பாட்டில் இடம் பெறுவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அது குறிப்பிட்ட ஊர்களின், குறிப்பிட்ட சமூகத்தின் ஆண்களுக்கு உரியதாகவே வளர்ந்தது. பெண்கள் தலைக்கட்டுக் கணக்கில் வருவதில்லை. வேறு வேலை இல்லாமல் ஏரிக்கு வந்த மற்ற சமூகத்தினர் வெளியே நிற்க, அதில் தகராறுகளும் எழுந்திருக்கின்றன. ஒரே ஏற்பாடு உள்ளே இருப்பவருக்கு நியாயமாகவும் வெளியே நிற்பவருக்கு அநியாயமாகவும் இருக்க முடியும். வருகிற பயணி இதில் தீர்ப்புச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நீரில் நிற்கும் கம்புகளை வெறும் கம்புகளாகப் பார்க்காமல், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு சீட்டும் ஒரு பெயரும் ஒரு வழக்கும் இருக்கின்றன என்று தெரிந்து பார்க்கவேண்டும். கேட்க விரும்பினால், வேலை முடிந்து ஓய்வாக இருக்கும் ஒருவரிடம், “அண்ணா, இந்தப் பாடு எப்படிப் பிரிக்கிறீங்க?” என்று கேளுங்கள். “உங்க சமூகம் என்ன?” என்று தொடங்காதீர்கள்.

அப்படியானால் இந்த ஊரையே அருங்காட்சியகமாக்கி, பலகை வைத்து, சீட்டு விற்றால் எல்லோருக்கும் வசதிதானே என்று சிலர் கேட்பார்கள். வருமானம் வரும் என்பதும் உண்மை. ஆனால் பலகை வைத்த வாசலில் குடியிருப்பவர் காட்சிப்பொருள் ஆகிவிடுகிறார். பார்க்க வந்தவருக்கு ஏற்றபடி நடந்துகொள்ளும் கட்டாயம் அவருக்கு வந்துவிடும். பலகைக்குத் தகுந்த இடம் பழவேற்காட்டிலேயே வேறு இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டை கட்டி, 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை வாணிபத்தின் தலைமையிடமாக இந்த ஊரை வைத்திருந்தார்கள். கோட்டை இன்று புதர் மண்டிய சிதைவு. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளும், கல்லறைப் பலகைகளில் நுணுக்கமான எழுத்தும் உண்டு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உற்றுப் பாருங்கள், படம் எடுங்கள். யார் வேலையும் கெடாது. ஏலம் முடிந்த பிறகு, வெயில் ஏறும் முன் அங்கே போவது வசதி.

பாதுகாப்பு: படகு வேண்டாம்

இந்த ஏரி ஆழமற்றது, அலையில்லாதது, ஆகவே ஆபத்தில்லாதது என்று நினைப்பது மிகப் பெரிய பிழை. 2011 டிசம்பர் 25 அன்று சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. இருந்தும் யாராவது ஏற்றிக்கொள்வதாகச் சொல்லக்கூடும். மறுத்துவிடுங்கள். மீன்பிடிப் படகு வலைக்கும் நான்கைந்து ஆட்களுக்கும் ஏற்றது. செல்ஃபி எடுக்க ஒரே பக்கமாக எழுந்து நிற்கும் கூட்டத்துக்கு அல்ல. உயிர்காப்புச் சட்டை இருக்காது. விபத்து நடந்தால் உங்கள் குடும்பத்தோடு, ஏற்றிச் சென்ற மீனவரின் குடும்பமும் சேர்ந்து அழியும்.

முகத்துவாரத்தில், ஏரி கடலோடு சேரும் இடத்தில், குளிக்க இறங்காதீர்கள். மணல் சேர்ந்து வாய் குறுகும்போது நீரோட்டம் வேகம் பிடிக்கும். முழங்கால் ஆழம் அடுத்த அடியில் பள்ளமாகும். குழந்தைகளை நீர் விளிம்பில் தனியே விடக்கூடாது. பறவைகளைக் கரையிலிருந்தே தொலைநோக்கியில் பாருங்கள். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயம். பூநாரை பறக்கட்டும் என்று கல்லெறிவதும் கைதட்டுவதும் சட்டப்படியும் தவறு.

புறப்படும் முன் செய்யவேண்டியவை

கொண்டுவந்த பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துப் போங்கள்; இங்கே விட்டால் வலையில்தான் சிக்கும். மீன் வாங்குவதானால் ஐஸ் பெட்டி கொண்டுவந்திருக்க வேண்டும். நண்டை உயிரோடு கட்டி வாங்குவது நல்லது. கருவாடு வாங்க ஐஸும் வேண்டாம், அவசரமும் வேண்டாம். யாரையாவது அனுமதியோடு படம் எடுத்திருந்தால் அங்கேயே அவர் கைபேசிக்கு அனுப்பிவிடுங்கள், பிறகு அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். அன்று மாலையே இரண்டு பயணங்களின் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். முட்டுக்காட்டில் பார்த்த ஒவ்வொரு அறைக்கும் நேரே, ஏரிக்கரையில் அதே வேலை எந்த இடத்தில், யார் கையால் நடந்தது என்று ஒரு வரி. நேரே எழுத எதுவும் கிடைக்காத அறைகளையும், எந்த அறையிலும் அடங்காத கரை வேலைகளையும் தனியே குறித்து வையுங்கள். அடுத்த முறை தட்சிணசித்ராவுக்குப் போகும்போது அங்குள்ள வழிகாட்டிகளிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அந்தப் பட்டியலிலிருந்தே கிடைக்கும்.